முதுகுக்குப் பின்னால் மாட்டிய படம்

செங்குளம் நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் பாதி, சுவரைப் பார்க்க வருகிறவர்கள் பாதி. இரண்டாவது பாதிதான் கொஞ்சம் பெரிய பாதி என்று நூலகரே ஒப்புக்கொள்வார்.

வாசலில் பதினொரு படிகள். ஏறினால் ஒரு கூடம். அதைத் தாண்டித்தான் வாசிப்பறைக்குப் போக முடியும். கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க வெள்ளை. அந்தச் சுவரில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

ஒருமுறை ஊரில் சாவி தொலைந்துபோன நானூறு பூட்டுகள் தொங்கின. இன்னொரு முறை, பிரசவ ஆஸ்பத்திரியில் மையில் ஒற்றி எடுத்த பிள்ளைகளின் பாதத் தடங்கள். பூட்டுகள் எழுபத்தொரு நாள் இருந்தன. பாதங்கள் நாலு மாதம் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த பெரிய ஓவியர் ஒருவரின் படம் ஒன்பதாம் நாள் இறங்கிவிட்டது. அவர் கோபமாகப் போன் செய்தார். “நேத்து ஒருத்தர் உங்க படத்துல சாஞ்சுக்கிட்டு அரைமணி நேரம் போன் பேசினாரு சார்” என்று பதில் வந்தது. ஓவியருக்கு அது பதிலாகவே படவில்லை.

அப்படிப் பதில் சொன்னவர் தேவகிருபை. காட்சிக்கூடத்துக்குப் பொறுப்பானவர். முப்பத்தாறு வயது. அறிவிப்புப் பலகையில் ‘இன்று முதல்’ என்று எழுதுவார். எதுவரை என்று எழுதவே மாட்டார். மேலதிகாரிகள் தேதி கேட்டுக் கடிதம் போடுவார்கள். “முடியும்போது தெரிவிக்கப்படும்” என்று பதில் போவது வழக்கம். பிடிவாதத்தை இவ்வளவு பணிவான தமிழில் எழுத அவரால்தான் முடியும்.

ஒரு காலைநேரம் அவரைத் தேடி சங்கரநயினார் வந்தார்.

அவரை அந்த ஊரில் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முப்பத்தைந்து வருஷம் மேல்நிலைப் பள்ளியில் டிராயிங் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குப் பானை வரையச் சொல்லிக் கொடுத்தவர், கோணலாக வரைந்தால் காதைத் திருகியவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது.

“கிருபையம்மா, உங்களுக்கு நான் எட்டாங் கிளாசுல எவ்வளவு மார்க் போட்டேன்?” என்றார்.

“முப்பத்தொண்ணு சார்.”

“கூடப் போட்டிருக்கலாம்.”

“இல்ல சார், அதுவே ஜாஸ்தி. மேகம் வரையச் சொன்னீங்க. நான் வெறும் தாளக் குடுத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் வரவில்லை. செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஆறடிக்கு நாலடி. ஊர்ப் படித்துறை, விடிகாலை. பின்னால் மலை, நடுவில் ஆறு, கரையில் கோபுரம். ஒவ்வொரு கல்லும் எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது.

“பதினொரு மாசம் வரைஞ்சது. இந்தச் சுவர்ல மாட்டணும்.”

“மாட்டலாம் சார்.”

“ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்கு இல்ல. நிரந்தரமா.”

“இங்க நிரந்தரமா இருக்கிறது சுவர் மட்டுந்தான் சார்.”

சங்கரநயினார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கண்ணில் பிரஷர். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிகிறது. அந்தக் குழாயும் சிறுத்துக்கொண்டே வருகிறது. ரெண்டு வருஷம் என்கிறார் டாக்டர்.

“ஊர்ல எல்லாருக்கும் வரையச் சொல்லிக் குடுத்தேன். நான் வரைஞ்சதுன்னு ஒண்ணும் எங்கயும் இல்ல. இது ஒண்ணுதான். இனிமே பெருசா வரைய முடியாது. நான் பார்வையோட இருக்கும்போது இது ஒரு இடத்துல நிக்கணும். அதுக்கப்புறமும் நிக்கணும்.”

 தேவகிருபைக்கு மனசு கனத்துப்போனது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

“எல்லாத்தயும் இறக்கிருதீங்க” என்றார் சங்கரநயினார். குரலில் பழைய வாத்தியார் எட்டிப் பார்த்தார். “ஒரு படத்த எப்ப இறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? அந்தக் கணக்க எனக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் என் படத்த மாட்டுங்க.”

“சொல்லத் தெரியாது சார்.”

“சொல்லத் தெரியாததச் செய்வாங்களா?”

“நாளைக்கு வாங்க” என்றார் தேவகிருபை. “புதுசா ஒண்ணு மாட்டுதோம்.”

மறுநாள் அவர் வந்தபோது, படியின் மேலேயே தேவகிருபை நின்றிருந்தார். அவர் தோளைப் பிடித்து, சுவரைப் பார்க்காதபடி நடத்திக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். சுவருக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்த நாற்காலி. எதிரே கூடம், கூடத்தின் கடைசியில் வாசிப்பறைக் கதவு, அதன் பக்கத்தில் தண்ணீர்க் கேன் வைக்கும் ஸ்டாண்டு, ஜன்னலோரம் ஒரு குரோட்டன் செடித் தொட்டி.

“திரும்பக் கூடாது சார். பாக்க வர்றவங்ககிட்ட பேசக் கூடாது. அவ்வளவுதான்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது சார்.”

அறுபத்தோரு வயதுக்காரரை, அதுவும் வாத்தியாரை, முப்பத்தாறு வயதுப் பெண் இப்படி உட்கார வைத்தது ஊருக்கு நல்ல தீனி. தினமும் அவர் வருகிற விதம் அதைவிட நல்ல தீனி. சுவர் கண்ணில் படக் கூடாதே என்று கருப்புக் குடையை விரித்து, சுவர்ப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்குள்ளே குடையோடு நடந்து வருவார். “சார், உள்ள மழையா?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர் முறைப்பார். முறைத்தால் இன்றைக்கும் பழைய மாணவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

முதல் நாள் மாலை தேவகிருபை கேட்டார். “என்ன பாத்தீங்க சார்?”

“மூக்கு. ஊர்ல இத்தனை விதமான மூக்கு இருக்குன்னு தெரியாம முப்பத்தஞ்சு வருஷம் ஒரே மூக்கச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

“நாளைக்கு வாங்க.”

ஐந்தாம் நாள் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று, சுவர்ப் பக்கம் திரும்பாமலேயே கத்தினார். திரும்பாமல் கத்தியதைக் கவனிக்க வேண்டும்.

“எனக்கு மிச்சம் இருக்கிற பார்வை கொஞ்சந்தான். அதயும் இப்படி வீணாக்கச் சொல்லுதீங்களே!”

“வீணாப் போகுதா சார்?”

அவர் அப்படியே படியிறங்கிப் போனார். மறுநாள் குடையோடு வந்தார்.

எட்டாம் நாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். தோளில் டிக்கெட் பை. பஸ் கிளம்ப ஏழு நிமிஷம் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியேறினார். சுவரைப் பார்த்தார். வாய் பாதி திறந்தது. விரலை நீட்டி எதையோ எண்ண ஆரம்பித்தார். இருபது, முப்பது வரை உதடு அசைந்தது. பிறகு விரல் நின்றது. கை தானாகக் கீழே போய், மரியாதைக்கு இறக்கிவிட மடித்துக் கட்டிய வேட்டியைத் தேடியது. அவர் போட்டிருந்தது காக்கிப் பேண்ட். தேடிய கை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையில் ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே பஸ் ஸ்டாண்டில் விசில் சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

சங்கரநயினாருக்கு உடம்பு சிலிர்த்தது. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் நேரம் தவறாமல் வந்தார். ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி விட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. அவர் விட்டதைப் பார்த்து அடுத்தவரும் விட்டார். மத்தியானத்துக்குள் படியில் முப்பது ஜோடி கிடந்தன. இரும்புக்கடைக்காரர் உள்ளே வந்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அவர் கலெக்டருக்கே இறக்காதவர் என்று பேர். அழுதுகொண்டே வந்த ஒரு கைக்குழந்தை அம்மாவின் தோளில் கிடந்தபடி சுவரைப் பார்த்தது. அழுகையை நிறுத்தி, விரலை வாயிலிருந்து எடுத்து, காற்றைப் பிடிக்கிற மாதிரி கையை மூடி மூடித் திறந்தது.

எல்லார் தலையும் மேலே போயிற்று. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெதுவாக நகர்ந்தது. கூடத்தின் ஜன்னல்களைப் பாதி அடைத்திருந்தார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஏதோ மின்னியது.

சங்கரநயினாருக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு முகம் தன் படத்துக்கு முன்னால் வராதா என்று ஏங்கினார். பிறகு பொறாமையும் மறந்துபோனது. தினமும் வருகிற முகங்களைப் பார்க்கிற சந்தோஷம் மட்டும் இருந்தது.

ஒரே ஒரு முகம் மட்டும் ஏறவே இல்லை. அது செல்லக்கனியின் முகம்.

செல்லக்கனி தண்ணீர்க் கேன் போடுகிறவள். திங்கட்கிழமைதோறும் வருவாள். வண்டி கீழே நிற்கும். இருபது லிட்டர் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பதினொரு படி ஏறி, கூடத்தைக் கடந்து, ஸ்டாண்டில் கவிழ்த்து வைப்பாள். காலிக் கேனில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் குரோட்டன் தொட்டியில் ஊற்றுவாள். இப்படி நாலு நடை. கண் தரையிலேயே இருக்கும். ஊரே அண்ணாந்து நிற்கும்போது அவள் அவர்களுக்கு நடுவே “வழி, வழி” என்று சொல்லிக்கொண்டு போவாள். கீழே டிரைவர் ஹாரன் அடிப்பான். போய்விடுவாள். ஆறு வருஷமாக இப்படித்தான்.

இருபத்திரண்டாம் நாள் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். எடுத்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். மறுநாளும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள்.

அன்று மாலை ஏணி வந்தது.

“இறக்கப் போறீங்களா?” என்று கேட்டார் சங்கரநயினார், திரும்பாமல்.

“ஏன் இறக்குதேன்னு நீங்களே சொல்லுங்க சார்.”

“செல்ஃபி.”

“செல்ஃபி எடுத்தா தப்பில்ல சார். எடுத்து முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கல.”

“நானுந்தான் முதுகக் காட்டிக்கிட்டு இருந்தேன்.”

“நீங்க பாத்துக்கிட்டுல்லா இருந்தீங்க.”

பின்னால் துணி மடிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேவகிருபை அவர் மடியில் ஒரு கனமான பொதியை வைத்தார். கருப்புத் துணி. குடை தைக்கிற துணி. கடைத்தெருத் தையல்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து ஊசியால் துளை போட்டது என்றார். பின்னால் விளக்கு இருந்ததாம்.

சங்கரநயினார் விரலால் தடவினார். துளைகள், பெரியது, சிறியது, ஒரு இடத்தில் நெருக்கமாக, ஒரு இடத்தில் தள்ளித் தள்ளி. ஒரு ஓரத்தில் ஏழு துளைகள் கரண்டிபோல வளைந்திருந்தன.

“நம்ம ஊர் வானமா?” என்றார் மெதுவாக.

“ஆமா சார். விரிச்சுப் பாக்குதீங்களா?”

அவருக்கு அந்தக் கண்டக்டரின் கை நினைவுக்கு வந்தது. குழந்தை மூடித் திறந்த கை நினைவுக்கு வந்தது. துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம். பாத்தாச்சு, டீச்சர்.”

“ஐயோ சார், அப்படிக் கூப்பிடாதீங்க.”

“கூப்பிடுவேன்.”

மறுநாள் காலையில் அவருடைய படம் வண்டியில் வந்தது.

“மாட்டுதேன் சார்” என்றார் தேவகிருபை. “ஆனா அதே நாற்காலிதான்.”

அவர் தலையசைத்தார். மாட்டும்வரை பார்க்கலாம் என்று அனுமதி. ஒவ்வொரு அடியாக முகத்தை நகர்த்தி, குழாய்ப் பார்வையால் படம் முழுவதையும் தடவிப் பார்த்தார். கல் சரியாக இருந்தது. கோபுரத்தின் நிழல் தண்ணீரில் சரியாக விழுந்திருந்தது. இடது பக்கக் கீழ் மூலைக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

“அங்க ஒரு கறை இருக்கு. கடைசி நாள் சாயம் வழிஞ்சுட்டு. துணியால இழுத்து விட்டேன். சரி பண்ண மறந்துட்டேன்.”

“எங்க சார்?”

“கடைசிப் படியில. பாக்காதீங்க, அசிங்கமா இருக்கும்.”

சொல்லிவிட்டு, ஜன்னலோரத்திலிருந்த குரோட்டன் தொட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அந்த மூலைக்கு நேராக நிறுத்தினார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் தாளில் தப்பைத் தேடித் தேடிச் சுழித்த மனுஷர். தன் தப்பை மறைக்க ஒரு செடி போதுமென்று நினைத்துவிட்டார். தேவகிருபை தொட்டியைப் பார்த்தார்.  பலகையில் ‘இன்று முதல்’ என்று எழுதினார்.

சங்கரநயினார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நாள் கூட்டம். டிராயிங் சார் படமாம் என்று பழைய மாணவர்கள் எல்லாரும் வந்தார்கள். “அப்படியே போட்டோ மாதிரி இருக்கு சார்!” என்றார்கள். “கோபுரம் அச்சு அசல் சார்!” அவர் மார்பு விம்மியது. ஒரு மணி நேரம்தான் விம்மியது. அதற்குள் அவருக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டதே, அதுதான் கஷ்டம். அவர்கள் சுவரை ஒரு கணம் பார்த்தார்கள். மிச்ச நேரமெல்லாம் அவரைப் பார்த்தார்கள். அன்போடுதான் பார்த்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யார் தலையும் மேலே போகவில்லை. வாய் திறந்தது பேசத்தான். இரும்புக்கடைக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடியே நின்று, “வாழ்த்துகள் வாத்தியாரே” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் கூட்டம் குறைந்தது. மூன்றாம் நாள் கண்டக்டர் வந்தார். சுவரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், போனார்.

நான்காம் நாள் ஒருவர் படத்தின் சட்டத்தில் சாய்ந்துகொண்டு போன் பேசினார். சிமெண்ட் விலை பேசினார். சங்கரநயினாரின் காதுக்குப் பின்னாலேயே பேசினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாலையில் ஏணியை எதிர்பார்த்தார். வரவில்லை.

“டீச்சர், இறக்கலையா?”

“இருக்கட்டும் சார்.”

“சாஞ்சு பேசியாச்சு. உங்க கணக்குப்படி முடிஞ்சுட்டு.”

“முடியல சார்.”

“கண்ணு போகப் போகுதேன்னு பாவம் பாக்குதீங்களா?”

தேவகிருபை அவரை நேரே பார்த்தார். “பாவம் பாத்து ஒரு படத்தயும் இந்தச் சுவர்ல ஒரு நாள்கூட விட்டதில்ல சார். திங்கக்கிழம வாங்க.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் தூங்கவில்லை, சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. பதினொரு மாதம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். கல்லை எண்ணினோம் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கூடத்தில் யாருமே இல்லை. சங்கரநயினார் மட்டும் வெறும் கூடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிப்பறைக் கதவருகில் தேவகிருபை ஒரு பெட்டியில் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி வந்தாள். மூன்று நடை முடித்தாள். நாலாவது கேனை வைத்துவிட்டுக் காலிக் கேனோடு ஜன்னலோரம் திரும்பினாள். தொட்டி அங்கே இல்லை.

“எம்மா, செடிய எங்க?”

தேவகிருபை கையைச் சுவர்ப் பக்கம் காட்டினார்.

“அங்க கொண்டு வச்சா வெயிலுக்கு எங்க போவும் அது? செத்துல்லா போவும்!” என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லக்கனி அவர் நாற்காலியைத் தாண்டிப் பின்னால் போனாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. கனமான தொட்டியை இழுக்கிறவர்கள் பின்பக்கமாகத்தான் நடக்க முடியும். அவள் குனிந்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து, அவர் பார்வைக்குள் வந்தாள். முதலில் முதுகு, பிறகு முந்தானையைச் செருகிய இடுப்பு, பிறகு பக்கவாட்டில் முகம். மூச்சு வாங்க நிமிர்ந்தாள். தொட்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள்.

விளிம்பைப் பிடித்த கை விட்டுவிட்டது.

சங்கரநயினார் அந்த முகத்தைப் பார்த்தார். ஆறு வருஷமாக ஏறாத முகம் ஏறியது. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணோரம் வந்தது. அவள் துடைக்கவில்லை. எதையோ அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. ஆனால் அடையாளம் கண்டுகொண்டால் வருகிற சிரிப்பு வரவில்லை. கடைவாய் லேசாக நடுங்கியது. பிறகு முகம் முழுக்கத் தளர்ந்து, தெளிந்து, பத்து வயசு குறைந்த மாதிரி ஆனது. இருபத்துமூன்று நாள் வானத்துக்கு முன்னால் அவர் பார்த்த எந்த முகமும் இதற்குக் கிட்டே வராது. அவருக்குப் பயமாகவே இருந்தது. கைகூப்பத் தோன்றியது.

அவள் மெல்ல இரண்டு எட்டு பின்னால் போனாள். கூடத்தின் நடுவில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு மோவாயை அதன்மேல் வைத்துக்கொண்டாள். இந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“வேலய முடிச்சிட்டுல்லா ஒக்காந்திருக்கா” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

கீழே ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை.

சங்கரநயினார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எதைப் பார்க்கிறாள்? தன் படத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே? பதினொரு மாதத்தில் ஒரு ஆளைக்கூட அவர் வரையவில்லை. ஆள் வந்தால் கல் மறையும் என்று வேண்டுமென்றே விட்டிருந்தார்.

“டீச்சர்” என்றார். 

தேவகிருபை சத்தமில்லாமல் வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“இப்பத் திரும்பலாம் சார்.”

அவர் எழுந்து திரும்பினார். குழாய்ப் பார்வையில் முதலில் வானம் வந்தது. முகத்தைத் தாழ்த்தினார். கோபுரம், ஆறு, கல், கல், கல். இன்னும் தாழ்த்தி, இடப்பக்கம் நகர்த்தி, கடைசிப் படிக்கு வந்தார்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வழிந்த சாயம் அவள் முதுகாகியிருந்தது. துணியால் இழுத்த இழுப்பு, கட்டிக்கொண்ட முழங்காலாகியிருந்தது. விரல் பட்ட இடம் சாய்ந்த தலை. முகம் கிடையாது. பக்கத்தில் குடமோ மூட்டையோ எதுவும் கிடையாது. எல்லா வேலையையும் முடித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஆறு ஓடியது. அதுவரை ஓடாத ஆறு.

 சங்கரநயினார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“இத நான் வரையலையே டீச்சர்” என்றார்.

தேவகிருபையும் அந்த மூலையைப் பார்த்தார்.

“சத்தியமா நான் வரையல. மறைக்கத்தான் பாத்தேன். இழுத்து விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.” அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்தால் அந்த நேரத்துக்குப் பார்வை போய்விடுமே என்று துடைக்காமல் நின்றார். “பதினொரு மாசம் வரைஞ்சது வெறுங்கல்லு. அவளுக்குப் பக்கத்துல அதெல்லாம் நிக்கவே கூசுது. இனிமே எனக்கு நிரந்தரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இறக்கிருவோம் டீச்சர். இப்பவே இறக்கிருவோம். ஏணிய எடுத்துட்டு வரட்டுமா?”

கீழே ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

தேவகிருபை கூடத்தின் நடுவே பார்த்தார்.

“அந்தக்கா எந்திரிக்கட்டும் சார்” என்றார்.